சமையலறைக் கேபினெட்டிலும் கூரையிலும் கிரவுன் மோல்டிங் பொருத்துதல்: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மேல் கேபினெட்டின் தலைப்பகுதியிலும், சுவரும் கூரையும் சேரும் கோட்டிலும் சாய்வாகப் பொருத்தப்படும் அலங்காரச் சட்டமே கிரவுன் மோல்டிங். நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கடைகளில் கார்னிஸ் பீடிங் என்று கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் இந்த வேலையைத் தொடங்கியபோது, எனக்குக் கிடைத்த விளக்கங்கள் அனைத்தும் மரச்சட்டங்களின் மேல் ஜிப்சம் பலகை அறைந்து கட்டிய அயல்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டிருந்தன. அங்கே சுவருக்குள் இருக்கும் மரத்தைக் கண்டுபிடித்து ஆணி அடித்தால் வேலை முடிந்தது. நம் வீடுகளிலோ செங்கல் சுவர், அதன் மேல் சிமெண்ட் பூச்சு, கையால் தேய்த்து முடித்த மூலைகள், போதாததற்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். இவை நான்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நீங்களே செய்தாலும் ஆசாரியை அழைத்துச் செய்தாலும் படிகள் ஒன்றுதான். அழைத்துச் செய்பவர்களுக்கு எந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

1. மோல்டிங் எதில் போய்ச் சேரும் என்று பாருங்கள்

மோல்டிங்கின் கீழ் விளிம்பு கேபினெட்டிலோ சுவரிலோ அமரும். மேல் விளிம்பு எங்கே அமரும் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு. நம் சமையலறைகள் பலவற்றில் ஏறத்தாழ ஏழடி உயரத்தில் ஒரு கான்கிரீட் பரண் வார்த்து, அதன் அடியில் மேல் கேபினெட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். பரண் இரண்டடி நீண்டிருக்க, கேபினெட் ஓரடி ஆழமே இருக்கும் என்பதால், மோல்டிங் சேருமிடம் அந்தப் பரணின் அடிப்பக்கமாகிறது. பரண் அடியின் பூச்சை யாரும் மட்டம் பார்த்து முடிப்பதில்லை. எனவே இந்த அமைப்பில்தான் அளவெடுப்பதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பரணுக்கும் ஷட்டர் (கதவு) போட்டிருந்தால், அதன் சட்டம் எவ்வளவு கீழிறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பரண் இல்லாமல், கேபினெட்டுக்கு மேல் வெறும் இடைவெளி விட்டிருந்தால், அந்த இடைவெளியின் உயரத்தை வைத்து முடிவெடுங்கள். ஓரடிக்கு மேல் இருந்தால் மேலே திறந்தே விட்டு, கேபினெட்டின் தலையில் மட்டும் மோல்டிங் வைக்கலாம். ஒரு சாண் கூட இல்லையென்றால் கூரை வரை பலகை ஏற்றி மூடிவிடுவதே நல்லது, ஏனென்றால் துடைப்பம் நுழையாத அந்தச் சந்தில் கரப்பானும் பல்லியும் குடியேறிய பிறகு அவற்றை வெளியேற்ற வழியே இருக்காது.

ஜிப்சம் பால்ஸ் சீலிங் போட்ட அறையில், மோல்டிங்கைச் சுவரோடு மட்டும் இணைக்க வேண்டும். சீலிங் பலகையில் ஆணி அடித்தால் அது அசையும்போதெல்லாம் மூட்டு பிளக்கும். மர மச்சு உள்ள பழைய ஓட்டு வீடுகளில் உத்திரத்தில் நேரடியாகத் திருகு ஏற்றலாம்; அவ்வகையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். புகைபோக்கியின் குழாய் இறங்கும் இடத்தில் மோல்டிங்கைத் தொடர்ந்து ஓட்டாமல், இருபுறமும் கேபினெட்டோடு மடக்கி முடித்துவிடுங்கள்.

2. பொருளையும் வடிவத்தையும் தேர்ந்தெடுங்கள்

வர்ணம் பூசுவதா, பாலிஷ் போடுவதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். மரத்தின் ரேகை தெரிய வேண்டுமானால் தேக்கு, ஆஞ்சிலி, மகோகனி ஆகியவற்றில் ஒன்று. தேக்கு ஈரத்தில் குறைவாகவே அசையும். ஆனால் விலை அதிகம், ஓரங்களில் துளையிடாமல் ஆணி அடித்தால் பிளக்கவும் செய்யும். ஆஞ்சிலி நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பது, உழைப்பதும் கூட. நன்றாக உலர்ந்த துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். கேபினெட்டின் ஷட்டர் எந்த மரமோ அதே மரத்தில் மோல்டிங்கும் இருப்பது கண்ணுக்கு நல்லது, இல்லையென்றால் பாலிஷில் நிறம் ஒட்டாது.

ரப்பர் மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருப்பதால், மில்லில் அறுத்த பச்சைப் பலகையை மலிவாக வாங்கி, ரவுட்டர் என்னும் வடிவம் செதுக்கும் இயந்திரத்தில் வடிவம் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். போரான் உப்புக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்திய ரப்பர் மரம் உள்வேலைக்கு மிகவும் நல்ல மரம்தான். பதப்படுத்தாத பலகையிலோ வண்டு துளைத்துப் பொடி உதிரும், பூஞ்சணம் பிடித்து நீலக்கறை படரும். பதப்படுத்தியதற்கான விவரம் பில்லில் எழுதித் தரப்படாத ரப்பர் மரத்தை வாங்க வேண்டாம்.

வர்ணம் பூசுவதானால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிவிசி (பிளாஸ்டிக்) ஆகியவை போதும். எம்டிஎஃப் வழுவழுப்பாகப் பூச்சு ஏற்கும். ஆனால் வெட்டிய முனையில் ஈரம் பட்டால் ஊதிவிடும், பிறகு சுருங்காது. எனவே தொட்டிக்கு மேலும், மழைச்சாரல் படும் ஜன்னல் ஓரத்திலும் அதைத் தவிர்க்கவும். பிவிசிக்கு ஈரமும் கரையானும் ஒன்றும் செய்யா. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. தெர்மோகோல் வகைப் பாலிஸ்டைரீன் மோல்டிங் மிக மலிவு, பசையில் ஒட்டிவிடலாம், பிளேடால் வெட்டலாம். படுக்கையறைக்கு அது போதும். அடுப்புக்கு மேலே வேண்டாம், வெப்பத்தில் உருகும்.

வடிவத்தில் எளிமையையே பரிந்துரைக்கிறேன். கடையில் பார்க்கும்போது பல அடுக்கு வரிப்பள்ளங்களும் கொடியலங்காரமும் உள்ள சட்டம் மனத்தைக் கவரும். மீன் பொரிப்பதும் அப்பளம் காய்ச்சுவதும் நாள்தோறும் நடக்கும் சமையலறையில், அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் புகை படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, ஆறு மாதத்தில் பழுப்புக் கோடுகளாகிவிடும். துணியால் ஒரே இழுப்பில் துடைக்கக்கூடிய ஒற்றை வளைவு போதும்.

அகலத்தைப் பொறுத்தவரை, பத்தடி உயரக் கூரைக்கு முகப்பு அகலம் மூன்று முதல் நான்கு அங்குலம் வரை பொருந்தும். சாய்வுக் கோணத்தையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரோடு 45 டிகிரி சாயும் வகை, 38 டிகிரி சாயும் வகை என இரண்டு உண்டு; இரண்டையும் கலந்து வாங்கினால் மூலையில் சேரவே சேராது. மூன்றரை அங்குல அகலமுள்ள 45 டிகிரிச் சட்டம் சுவரில் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் இறங்கி, கூரையில் அதே இரண்டரை அங்குலம் நீளும். இந்த நீட்சி அளவு பின்னால் பலமுறை தேவைப்படும்.

3. காகிதங்கள்

வாடகை வீடானால், சுவரில் துளையிட வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். வாய்ச் சம்மதம் முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் நினைவுக்கு வராது. நிறுவனம் செய்து தந்த மாடுலர் கிச்சன் என்றால், உத்தரவாத அட்டையை எடுத்து, பெட்டியில் வேறொருவர் துளையிட்டால் உத்தரவாதம் செல்லுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பெட்டியைத் தொடாமல் பொருத்தும் வழியை ஏழாவது படியில் சொல்லியிருக்கிறேன்.

சொந்தத் தோட்டத்துத் தேக்கை வெட்டிப் பயன்படுத்த நினைப்பவர்கள், மரத்தில் கோடரி வைப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். பட்டா, தீர்வை ரசீது நகல்களைக் கையில் கொண்டுபோங்கள். களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வாங்கி வருபவர்கள் மரத்தோடு ஜிஎஸ்டி பில்லையும் வண்டியிலேயே வைத்திருக்கவும்.

ஆசாரியிடம் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை: மரத்தின் பெயர், சட்டத்தின் அகலம், மொத்த நீளம், பின்தாங்கல் சட்டமும் (மோல்டிங்குக்குப் பின்னால் மறைந்து நின்று தாங்கும் மரம்) திருகும் யார் பொறுப்பு, பாலிஷ் சேர்ந்த கூலியா, வேலை முடியும் தேதி, மழைக்குப் பின் ஒருமுறை வந்து மூட்டுகளைச் சரிசெய்து தருவது. கடைசி வரியை எழுதச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதித் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள்.

4. செலவைக் கணக்கிடுங்கள்

மரத்துக்கு மரம், கடைக்குக் கடை விலை மாறுவதால், ரூபாய்க் கணக்கை இங்கே எழுதினால் உங்களுக்கு உதவாது. நீளக் கணக்கு உதவும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு சுவர் பத்தடி, அடுத்த சுவர் ஏழடி என்று எல் வடிவில் அமைந்த மேல் கேபினெட்டுகள், ஆழம் ஓரடி, இரு முனைகளும் திறந்தவை. மூலையில் ஓரடி ஆழம் போக, முகப்பு நீளம் ஒன்பதடியும் ஆறடியும். இரு முனைகளிலும் சுவர் வரை மடங்கும் துண்டுகள் ஓரடி வீதம் இரண்டு. கூட்டினால் பதினேழு அடி. ஆனால் வெளிமூலையில் சேரும் ஒவ்வொரு துண்டும் அங்கே இரண்டரை அங்குல நீட்சியைக் கூடுதலாகக் கேட்கும். ஒன்பதடித் துண்டு ஒன்பதடி இரண்டரை அங்குலமாகி, ஒரு பத்தடிச் சட்டத்தில் ஓரடிகூட மிஞ்சாது. மடக்குத் துண்டை அதிலிருந்து எடுக்க முடியாது. ஆறடித் துண்டும் இரண்டு மடக்குகளும் இரண்டாவது பத்தடிச் சட்டத்திலிருந்து வரும். ஆக இரண்டு பத்தடிச் சட்டங்கள் போதும். இதையே எட்டடிச் சட்டமாக வாங்கினால் மூன்று வேண்டும், நீண்ட பக்கத்தில் நடுவே ஒரு மூட்டும் விழும். எனவே கிடைக்கும் நீளத்தைக் கேட்ட பிறகே எத்தனை சட்டம் என்று முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் மூலைச் சோதனைக்கும் வெட்டுப் பிசகுக்கும் என்று ஒரு சட்டம் அதிகமாக வாங்குங்கள். ரவுட்டரில் போட்ட வடிவம் பிறகு அப்படியே கிடைப்பது கடினம்.

ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது நீண்ட கூடங்களுக்குச் சரி. சமையலறையில் நீளம் குறைவு, மூலை அதிகம். அடிக்கணக்கில் பேசினால் ஆசாரிக்குக் கட்டுப்படியாகாது, கட்டுப்படியாகாத வேலை அவசரமாகத்தான் முடியும். மொத்த வேலைக்கு ஒரு தொகை என்றோ நாள்கூலி என்றோ பேசுங்கள். மறந்துவிடும் செலவுகள் சில உண்டு: பின்தாங்கலுக்கான மரம், சுவர்த் துளையில் திருகைப் பிடிக்கும் பிளக்கும் திருகும், துளை நிரப்பும் மக்கு, சந்தடைக்கும் அக்ரிலிக் பசை, பாலிஷ் கூலி, நீளச் சட்டம் ஏற்றிவரும் வண்டி வாடகை. பாலிஷ் மட்டுமே சில நேரம் தச்சுக் கூலியை எட்டிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

5. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டிலும் நனையும் மாவட்டம் என்பதால், இந்த வேலைக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட நாள்களே ஏற்றவை. மழைக்காலத்தில் பாலிஷ் வெளுத்துப் போகும்; ஈரத்தில் உப்பிய மரத்தை வெட்டிச் சேர்த்தால், வெயில் காலத்தில் சுருங்கி மூலைகள் வாய் பிளக்கும். நவம்பர் முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு வீடு வெளுப்பவர்கள் பெயிண்டர்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புது வீடானால் பால்காய்ச்சு நாளுக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும். பூச்சு உலராத சுவரில் மோல்டிங் ஏற்றாதீர்கள். சுவர் வெள்ளை பூசி, கேபினெட் மாட்டி, கடைசி வர்ணப் பூச்சுக்கு முன் வருவதே மோல்டிங்கின் முறை. மரத்தை வாங்கியதும் ஒரு வாரமாவது அதே அறையில், தரையில் படாமல், குறுக்குக் கட்டைகள் மேல் பரப்பி வையுங்கள். வாங்கும்போது ஈரமானி வைத்துப் பார்க்க முடிந்தால், 15 சதவீதத்துக்கு மேல் காட்டும் சட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். தச்சு வேலை இரண்டு மூன்று நாள்களில் முடியும். பாலிஷ், ஒவ்வொரு பூச்சும் உலரும் நேரத்தைச் சேர்த்து, இன்னொரு வாரம் எடுக்கும்.

6. மட்டமும் மூலையும் அளந்து எழுதுங்கள்

வேலையின் தரம் இந்தப் படியில் தீர்மானமாகிறது. கூரைக்கு மோல்டிங் போடுவதானால், அறையின் எல்லாப் பக்கமும் கூரையின் மிகத் தாழ்ந்த இடம் எது என்று டியூப் மட்டத்தால் (நீர் நிரப்பிய குழாயால்) கண்டுபிடியுங்கள். அந்த இடத்திலிருந்து மோல்டிங் இறங்கும் அளவைக் கீழே குறித்து, அதே மட்டத்தில் சுற்றிலும் நூல் அடியுங்கள். கீழ் விளிம்பு இந்தக் கோட்டைப் பிடித்தே போக வேண்டும். கூரையை ஒட்டிக்கொண்டே போனால் அதன் மேடுபள்ளம் முழுவதும் கீழ் விளிம்பில் அலையாகத் தெரியும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது கீழ்க்கோடுதான்.

கோட்டைப் பிடித்துப் போகும்போது கூரைக்கும் மேல் விளிம்புக்கும் இடையே சில இடங்களில் சந்து விழும். மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை அக்ரிலிக்கால் அடைக்கலாம். அதற்கு மேல் போனால் கொத்தனாரை அழைத்து அந்த இடத்தில் மட்டும் பூச்சை நிரப்பிக்கொள்ளுங்கள். மரத்தை வளைத்து மேலே இழுத்துத் திருகுவது வேண்டாம், அது என்றைக்கிருந்தாலும் விடுவித்துக்கொள்ளும். கேபினெட்டோ பரணோ என்றால் வேறு வழி இருக்கிறது. மோல்டிங்குக்குப் பின்னால் தட்டையான ஒரு பட்டைப் பலகையை நிறுத்தி, அதன் மேல் ஓரத்தைப் பரணின் அடிப்பக்க வளைவுக்கேற்ப இழைப்புளியால் சீவிப் பொருத்தினால், முன்னால் வரும் மோல்டிங்கைப் பட்டையின் மேல் மேலும் கீழும் நகர்த்தி நேர்க்கோட்டில் நிறுத்திவிடலாம்.

அடுத்தது மூலைகள். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால், நம் வீட்டுச் சுவர் மூலைகள் 90 டிகிரியாக இருப்பது அரிது. ஒவ்வொரு மூலைக்கும் ஓர் எண் கொடுத்து, நகரும் கோணமட்டத்தால் கோணத்தை எடுத்து, தாளில் வரைபடத்தோடு எழுதுங்கள். மூலை 92 டிகிரியாக விரிந்திருந்தால் மைட்டர் வாளின் (கோணத்தில் திருப்பி வெட்டும் வாள்) அளவுகோலில் 44 என்று வைக்க வேண்டும். 88 ஆகக் குறுகியிருந்தால் 46. பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். வாளின் சுழியம் நேர்வெட்டைக் குறிப்பது என்பதால், மூலைக் கோணத்தில் பாதியை 90-இலிருந்து கழித்து வருவதே வைக்க வேண்டிய எண்.

7. பின்தாங்கல் சட்டம் அமையுங்கள்

சாய்ந்து நிற்கும் மோல்டிங்குக்கு இரு விளிம்புகளில் மட்டுமே பிடிப்பு. செங்கல் சுவரில் மெல்லிய ஆணி நிற்காது, சிமெண்ட் பூச்சுதான் உதிரும். எனவே முக்கோணமாக அறுத்த ஒரு சட்டத்தைச் சுவரில் முதலில் பொருத்தி, அதன் மேல் மோல்டிங்கை ஆணியடிக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு துளையாக, பூச்சைக் கடந்து செங்கல் வரை செல்லும்படி துளையிட்டு, பிளக் வைத்துத் திருகால் இறுக்குங்கள். துளையிடும் முன் சுவிட்ச் பெட்டி, விளக்குப் புள்ளி ஆகியவற்றின் நேர்மேலே ஒயர்க் குழாய் ஓடும் என்று கொண்டு, அந்தக் கோட்டை விட்டு ஒதுங்குங்கள். பேட்டரித் துளைப்பான் இருந்தால், மெயினை அணைத்துவிட்டுத் துளையிடுவது இன்னும் நல்லது. தளக் கான்கிரீட்டில் துளையிட வேண்டிய தேவையே வராதபடி, எல்லாப் பிடிப்பையும் சுவரிலேயே வைத்துக்கொள்வது என் பழக்கம்.

மாடுலர் கேபினெட்டில் ஷட்டர், பெட்டியின் முன்முகத்தை முழுவதுமாக மூடியிருக்கும். மோல்டிங்கை ஷட்டரில் ஆணியடிக்க முடியாது என்பது வெளிப்படை. ஆனால் ஷட்டருக்கு முன்னால் கீழிறங்கும்படி பொருத்திவிட்டு, பிறகு கதவு திறக்கவில்லை என்று விழிப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் மேல்தட்டில், முன் ஓரத்தை ஒட்டி ஒரு மரச்சட்டத்தைப் படுக்க வைத்து, அதில் நிமிர்ந்த பட்டையை இணைத்து, பட்டையின் முகம் ஷட்டரின் முகத்தோடு ஒரே தளத்தில் வரும்படி செய்யுங்கள். மோல்டிங்கின் கீழ் விளிம்பு ஷட்டரின் மேல் ஓரத்துக்கு மூன்று மில்லிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். பெட்டியில் துளையிடக் கூடாது என்றால், இந்தச் சட்டத்தைப் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று குறுக்குக் கைகளால் தாங்கிக்கொள்ளலாம். எடை முழுவதும் சுவருக்குப் போய்விடும்.

பின்தாங்கல் மறைந்து கிடக்கும் மரம் என்பதற்காகக் கழிவுத் துண்டுகளைப் போட விடாதீர்கள். கரையான் ஏறினால், முதலில் அரிபடுவது கண்ணுக்குத் தெரியாத இதுதான். ஐஎஸ் 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட்டை அறுத்துப் பயன்படுத்தலாம். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால், திருகும் ஆணியும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். சாதாரண ஆணியின் துரு, மக்கையும் வர்ணத்தையும் தாண்டிப் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும்.

8. தலைகீழாக வைத்து வெட்டுங்கள்

மைட்டர் வாளில் மோல்டிங்கை, அது சுவரில் நிற்கும் அதே சாய்வில், ஆனால் தலைகீழாக வைக்க வேண்டும். வாளின் படுகைத் தட்டைக் கூரையென்றும், நிற்கும் தடுப்பைச் சுவரென்றும் நினைத்துக்கொள்ளுங்கள்: கூரையைத் தொடும் விளிம்பு படுகையில், சுவரைத் தொடும் விளிம்பு தடுப்பில். சாய்வு நழுவாமல் இருக்க, படுகையில் ஒரு கட்டையைத் தடுப்பாக இறுக்கிவிட்டால், ஒவ்வொரு வெட்டும் ஒரே கோணத்தில் வரும். இப்படி வைத்தால் 90 டிகிரி மூலைக்கு வாளை 45-இல் திருப்பினால் போதும். சாய்வைப் பற்றிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

சட்டம் அகலமாக இருந்து, தடுப்பின் உயரம் போதாமல் போனால், படுக்க வைத்துக் கூட்டுக் கோணத்தில் வெட்ட வேண்டிவரும். 45 டிகிரி வகைக்கு வாளைத் திருப்பும் கோணம் 35.3, சாய்க்கும் கோணம் 30. 38 டிகிரி வகைக்குத் திருப்புவது 31.6, சாய்ப்பது 33.9. மூலை சரியாக 90 ஆக இருந்தால் மட்டுமே இந்த எண்கள் பொருந்தும்.

தலைகீழாக வைப்பதால் இடமும் வலமும் குழம்பும். அனுபவமுள்ள ஆசாரிகளும் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டே வாளை இறக்குகிறார்கள். ஒரே விதியை மனத்தில் வையுங்கள்: உள்மூலையில் கீழ் விளிம்பு நீளமாக இருக்கும், வெளிமூலையில் மேல் விளிம்பு நீளமாக இருக்கும். அளவை எப்போதும் சுவரை ஒட்டும் கீழ் விளிம்பிலேயே எடுத்து, அதிலேயே குறியுங்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் மூலை எண்ணையும், மேல்நோக்கி ஓர் அம்புக்குறியையும் பென்சிலால் போடுங்கள். மீதிச் சட்டத்திலிருந்து ஓரடித் துண்டுகள் இரண்டை உள்மூலைக்கும், இரண்டை வெளிமூலைக்கும் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் அவற்றைப் பிடித்துப் பார்த்த பிறகே நீளச் சட்டத்தை எடுக்க வேண்டும்.

சுவரின் உள்மூலைகளில் இரு துண்டுகளையும் 45-இல் வெட்டிச் சேர்ப்பதை விட, ஒன்றின் முனையை மற்றொன்றின் வடிவத்துக்கு அறுத்துப் பொருத்துவதே நிலைத்து நிற்கும். முதல் துண்டை நேராக வெட்டி மூலை வரை தள்ளிவிடுங்கள். இரண்டாவதை உள்மூலைக்குரிய 45-இல் வெட்டுங்கள். வெட்டின் முன் விளிம்பில் சட்டத்தின் வடிவம் ஒரு கோடாகத் தெரியும். மெல்லிய கம்பி வாளால் அந்தக் கோட்டைப் பிடித்து, பின்புறம் சற்றே உள்வாங்கும்படி அறுத்து, அரத்தால் தேய்த்துக் கொண்டுவந்தால், முதல் துண்டின் மேல் அது கவ்விக்கொள்ளும். மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கினாலும் இந்த மூட்டில் இடைவெளி அதிகம் தெரியாது. பிவிசிக்கும் பாலிஸ்டைரீனுக்கும் இது தேவையில்லை. அவற்றைக் கோணத்தில் வெட்டி ஒட்டினால் போதும். கேபினெட்டுகளின் உள்மூலையில் பின்னால் சுவர் இல்லை, மூலையும் பெரும்பாலும் சரியான 90-இல் இருக்கும் என்பதால் அங்கும் கோண வெட்டே வசதி.

9. பொருத்துங்கள்

ஏற்றுவதற்கு முன்பே எல்லாத் துண்டுகளின் முதுகிலும் வெட்டு முனையிலும் ஒரு பூச்சு பிரைமரோ சீலரோ தடவி உலரவிடுங்கள். முகத்தில் மட்டும் பூசி முதுகை வெறுமனே விட்டால், சுவர்ப்பக்க ஈரத்தை மரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். ஏணி வேலை தொடங்கிய பிறகு இதைக் கேட்டால் ஆசாரிக்கு எரிச்சல் வரும். முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

கேபினெட்டின் வெளிமூலையைத் தரையிலேயே சேர்த்துவிடுவது எளிது. முகப்புத் துண்டையும் மடக்குத் துண்டையும் மரப்பசை தடவி, இரு பக்கமிருந்தும் மெல்லிய ஆணி கொடுத்து, பசை இறுகிய பின் ஒரே உருப்படியாக மேலே தூக்கி வையுங்கள். சுவர் மோல்டிங்கை நீளமான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்பது பத்தடி நீளத்தை ஒருவரே தாங்கிப் பிடிக்க முடியாது. மறுமுனையில் ஒருவர் வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஆணியின்றி ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு அடியுங்கள். மூலையிலிருந்து ஓரடி தள்ளியே முதல் ஆணி. இரு பக்கமும் சேர்ந்து மூட்டு சரியாக வந்த பிறகு மூலை ஆணிகள். தேக்கிலும் ஆஞ்சிலியிலும் ஆணியை விட மெல்லிய துளையிட்ட பிறகே அடிக்க வேண்டும். ஆணித்தலையை மரத்துக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கிவிடுங்கள்.

நீளத்தில் மூட்டு தவிர்க்க முடியாதென்றால், இரு முனைகளையும் 45-இல் சாய்த்து ஒன்றின் மேல் ஒன்று படியும்படி, பின்தாங்கல் உள்ள இடத்தில் சேருங்கள். வாசலில் நுழைந்ததும் கண் போகும் இடத்தில் அந்த மூட்டு வராதபடி துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

10. சந்தடைப்பு, பூச்சு, கடைசித் தவணை

வர்ணம் பூசும் மோல்டிங்குக்குச் சந்தடைக்கச் சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் வர்ணம் ஒட்டாது. வர்ணம் ஏற்கும் அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். பாலிஷ் போடும் மரத்தில் ஆணித் துளைகளையும் மூட்டுகளையும் மரநிற மக்கால் நிரப்பி, உலர்ந்த பின் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மக்கின் நிறத்தை மீதித் துண்டில் பாலிஷ் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெளிப்பானில் பாலிஷ் அடிக்கும் நாளில் சமையல் வேறிடத்தில் நடக்கட்டும். எரிவாயு உருளையை வெளியே எடுத்து, ஜன்னல்களைத் திறந்து, வாடை முழுவதும் போன பிறகே அடுப்பு மூட்ட வேண்டும், ஏனெனில் அந்தக் கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது.

பணம் கொடுப்பதில், பொருள் இறங்கும்போது ஒரு பகுதி, பொருத்தி முடித்ததும் பெரும்பகுதி, பூச்சு உலர்ந்து எல்லா ஷட்டர்களையும் முழுவதும் திறந்து மூடிப் பார்த்த பிறகு மீதி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், பகலில் தெரியாத மூட்டுப் பிளவும் தேய்ப்புக் கீறலும் தெரியும். மீதியைக் கொடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஒரு மாதம் கழித்து மறுபடியும் மூலைகளைப் பாருங்கள். மயிரிழை விரிசலை நீங்களே அக்ரிலிக்கால் அடைத்துவிடலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் பின்தாங்கலின் திருகு தளர்ந்திருக்கலாம், அதற்கு ஆசாரியை அழைத்து, அவர் எழுதித் தந்த தாளைக் காட்டுங்கள்.